விரிப்பை எடுத்துவிடு

ஜனவரி 9

அன்புள்ள சின்னவனுக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே இரண்டு பேரும் சுகமாக இருக்கிறோம். உன் சளி விட்டதா? மார்பில் தைலம் தேய்த்துக்கொண்டு படுக்கிறாயா, இல்லை, பார்க்க ஆளில்லை என்று அப்படியே விட்டுவிட்டாயா? காது கேட்காத அக்காவோடு போனில் கத்த முடியாது, அதனால் உனக்கு இந்தக் கடிதத் தொல்லை. உன்னை மடியில் உட்காரவைத்து எழுத்துச் சொல்லிக்கொடுத்தவள் நான்தானே. அனுபவி.

நீ விட்டுப்போன கார் நன்றாக ஓடுகிறது. உன் அத்தானுக்குத் தலைகால் புரியவில்லை. இருபத்தேழு வருடமாகப் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறவர், பஸ்ஸில் ஒரு கீறல் விழுந்ததில்லை. பிள்ளைகள் அவருக்கு வைத்த பேர் ஆமை மாமா. அந்த ஆமை இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் உன் காரைக் குளிப்பாட்டித் துடைத்து, என்னை முன்னால் உட்காரவைத்து, பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஏரிவரை போய் வருகிறது. சைக்கிள்காரர்கள் எங்களை முந்திப் போகிறார்கள். அவள், "அண்ணே, நான் வேணா இறங்கித் தள்ளட்டுமா?" என்று கேட்டாளாம். அவரே எனக்கு எழுதிக் காட்டிச் சிரித்தார்.

காரை அவர் பேருக்கு மாற்றச் சொல்லி நீ கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தாள்கள் இன்னும் பீரோவில்தான் இருக்கின்றன. "அவன் பேர்லயே இருக்கட்டும். திரும்பி வந்தா அவனுக்கு வண்டி வேணாமா? நான் சும்மா பார்த்துக்கறவன்" என்கிறார். கொடுத்ததை வாங்கிக்கொள்ளத் தெரியாத மனுஷன்.

ஒன்று கேட்க வேண்டும். மற்ற மூன்று இடத்திலும் காலடியில் விரிப்பு இருக்கிறது, ஓட்டுகிறவர் காலடியில் மட்டும் ஏன் இல்லை? தையல்காரம்மா கொடுத்த தடித்த நீலத் துணியில் நானே ஒன்று வெட்டிப் போட்டுவிட்டேன். ஓரம் அவள் அடித்துக் கொடுத்தாள். அவருக்குக் காலுக்கு மெத்தென்று இருக்கிறதாம்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா

*

ஜனவரி 30

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததுமே பாதிச் சளி போய்விட்டது. மீதியைத் தைலம் பார்த்துக்கொண்டது. அத்தானைக் கேட்டதாகச் சொல்.

பாட்டில் தொழிற்சாலையில் எனக்கு இப்போது கண் வேலை. வெள்ளை விளக்குக்கு முன்னால் பாட்டில்கள் வரிசையாகப் போகும். விரிசல், குமிழி எது தெரிந்தாலும் இழுத்துக் கூடையில் போட வேண்டும். எட்டு மணி நேரம் இதுதான். சாப்பிடும்போதும் தண்ணீர்க் குவளையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கிறேன். மேற்பார்வையாளர் எனக்குப் பருந்து என்று பேர் வைத்திருக்கிறார். நம் குடும்பத்தில் ஆமையும் பருந்தும் சேர்ந்தாயிற்று, நீ என்ன என்பதை நீயே சொல்.

ஓட்டுகிறவர் காலடியில் போட்ட விரிப்பை எடுத்துவிடு. அங்கே வேண்டாம். மழையில் ஈரம் கோத்து நாற்றமடிக்கும்.

ஜூலையில் லீவு கிடைக்கும்போல இருக்கிறது. ஏரிக்கு நானும் வருகிறேன். இடுப்பு வலிக்கு மாத்திரையை நிறுத்தாதே.

உன் சின்னவன்

*

மார்ச் 21

அன்புள்ள அக்காவுக்கு,

உன் பதில் வருவதற்குள் இன்னொன்று எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். நீங்களும் அப்படியே இருப்பீர்கள்.

அத்தானிடம் ஒன்று சொல்ல வேண்டும். காரை ஒருமுறை கார்க் கம்பெனியின் சர்வீஸ் நிலையத்துக்குக் கொண்டுபோய்க் காட்டச் சொல். அவசரம் ஒன்றுமில்லை. ஆனாலும் தள்ளிப்போட வேண்டாம். வருடம் ஆகிவிட்டது அல்லவா, அதற்காகத்தான். முடியாவிட்டால் ஜூலையில் நானே கொண்டுபோகிறேன். அதுவரை மழை நாளில் மட்டும் வெளியே எடுக்க வேண்டாம் என்று சொல்.

வேறு விசேஷம் இல்லை. இங்கே குளிர் விடவில்லை.

உன் சின்னவன்

*

ஏப்ரல் 16

அன்புள்ள சின்னவனுக்கு,

குளிர் விடவில்லை என்று எழுதியிருந்தாய். கழுத்தைச் சுற்றித் துணி கட்டிக்கொள், அழகு பார்க்காதே. எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. இடுப்பு அவ்வப்போது முனகுகிறது, அதுவும் ஒரு பேச்சுத்துணை.

நீ சொன்னதை உன் அத்தானிடம் சொன்னேன். கம்பெனி நிலையம் போக நாலு மணி நேரம், வர நாலு மணி நேரம். "வண்டி பூ மாதிரி ஓடுது. ஞாயித்துக்கிழமை தவறாம பானெட்டைத் திறந்து பார்க்கறேன். உன் தம்பி பாட்டிலைப் பார்க்கட்டும், நான் வண்டியைப் பார்த்துக்கறேன்" என்றார். மழையில் எடுக்காதீர்கள் என்றதும் சிரித்துவிட்டார். "வண்டி என்ன சர்க்கரையா, கரையறதுக்கு?"

நீ ஏதாவது காரணம் எழுதியிருந்தால் அதைச் சொல்லி இழுத்துக்கொண்டு போயிருப்பேன். ஜூலையில் நீயே வந்து காட்டு, உன் பேச்சுக்குத்தான் மறுப்புச் சொல்ல மாட்டார்.

விரிப்பு அப்படியே கிடக்கிறது. நீ எடு என்கிறாய், அவர் இருக்கட்டும் என்கிறார். நான் யார் பேச்சைக் கேட்பது? எனக்குத்தான் காது கேட்காதே.

உன் அக்கா

*

ஜூன் 5

சின்னவனுக்கு,

நீ நலமாக இரு. நாங்கள் நலமாக இல்லை.

மே 28, காலை ஒன்பது மணி. தூறிக்கொண்டிருந்தது. எனக்கு இடுப்புக்கு மாத்திரை வாங்க உன் அத்தான் காரை எடுத்துக்கொண்டு போனார். மருந்துக்கடைக்கு முன்னால் சரிவு இருக்கிறதே, அங்கே இறங்கும்போது வண்டி நிற்கவில்லை. நிற்காததோடு வேகமும் எடுத்தது. நூல் வாங்கிக்கொண்டு தையல்காரம்மா தெருவைக் கடந்துகொண்டிருந்தாள். அவளைத் தள்ளிவிட்டு, சுவரில் இடித்துத்தான் நின்றது.

அவருக்கு நெற்றியில் நாலு தையல். தையல்காரம்மாவுக்கு வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் போலீஸ் கூட்டிவந்த மெக்கானிக் எல்லாவற்றையும் மிதித்துப் பார்த்தான். பிரேக் சரி, ஆக்சிலேட்டர் சரி. "பெரியவர் பதட்டத்துல பிரேக்னு நினைச்சு ஆக்சிலேட்டரை மிதிச்சிருக்காரு. வயசாயிட்டா நடக்கறதுதான்" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான். இவர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து என் முன்னால் உட்கார்ந்து, நான் உதட்டைப் படிக்கும்படி மெதுவாகச் சொன்னார். "நான் காலை எடுத்தேன். எடுத்தேன்னுதான் நினைக்கறேன்."

ஜூலையில் சீக்கிரம் வா.

அக்கா

*

ஜூன் 24

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் படித்த அன்று வேலைக்குப் போகவில்லை. அத்தான் உடம்பு எப்படி இருக்கிறது? காயம் ஆறிவிட்டதா? தையல்காரம்மாவை நினைத்தால் சோறு இறங்கவில்லை. அவள் எனக்குத் தைத்துக் கொடுத்த சட்டை இங்கே ஆணியில் தொங்குகிறது.

ஒன்று கேட்க வேண்டும். வண்டி என் பேரில் இருப்பதைப் பற்றிப் போலீஸ் ஏதாவது கேட்டார்களா? கம்பெனியிலிருந்து யாராவது வந்தார்களா? சும்மாதான் கேட்கிறேன்.

லீவை ரத்து செய்துவிட்டார்கள். ஜூலையில் வர முடியாது. தப்பாக நினைக்காதே.

உன் சின்னவன்

*

ஜூலை 17

அன்புள்ள சின்னவனுக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள். நீ வருவாய் என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். பரவாயில்லை, வேலைதான் முக்கியம்.

உன்னை யாரும் இழுக்க மாட்டார்கள், பயப்படாதே. பேர் யாருடையது என்று கேட்டார்கள். உன் அத்தானே சொல்லிவிட்டார். "வண்டி மச்சானோடது. கால் என்னோடது. அவன் மேல ஒண்ணும் இல்லை." கம்பெனியிலிருந்து யாரும் வரவில்லை. அவர்கள் எதற்கு வரப்போகிறார்கள்?

பள்ளிக்கூடத்தில் அவரை நிறுத்திவிட்டார்கள். புது டிரைவர் வந்து நம் வாசல் வழியாகத்தான் பஸ்ஸை ஓட்டிக்கொண்டு போகிறான். பிள்ளைகள் கையாட்டுகின்றன, இவர் உள்ளே போய்விடுகிறார். பின்கட்டில் இரண்டு செங்கலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நாற்காலி போட்டு உட்கார்ந்து, வலது காலை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி வைக்கிறார். என்னைப் பார்க்கச் சொல்கிறார். "சரியாத்தானே எடுக்கறேன்?" என்று கேட்கிறார். டாக்டரிடம் போய் நரம்பைத் தட்டிப் பார்க்கச் சொன்னார். கால் நன்றாக இருக்கிறது என்று சொன்ன டாக்டர் மேல் கோபம். நோய் என்று சொல்லியிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பார்.

இனி எழுதப்போவதை அவரிடம் நான் சொல்லவில்லை. வேறு யாரிடமும் சொல்லவில்லை. விபத்தன்று சாயங்காலம் போலீஸ் நிலையத்தில் காரிலிருந்து என் பையை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். குனிந்தேன். நான் போட்ட நீல விரிப்பு பெடல் பக்கமாகச் சுருண்டு கிடந்தது. யாரும் பார்ப்பதற்குள் பையில் திணித்துக்கொண்டேன். இப்போது பீரோவில் போர்வைகளுக்கு அடியில் இருக்கிறது.

அதுதான் பெடலைப் பிடித்துக்கொண்டதா? நீ அந்த வண்டியை மூன்று வருடம் ஓட்டியவன், உனக்குத் தெரியும். எடுத்துவிடு என்று எழுதினாய். நான் வேடிக்கை பேசினேன். எனக்காக மழுப்பாதே, உண்மையைச் சொல். ராத்திரி பகல் இதே நினைப்பாக இருக்கிறது.

அக்கா

*

ஆகஸ்ட் 20

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துவிடு. இருமல் மறுபடி வந்தது, இப்போது தேவலை. உன் இடுப்பு வலி எப்படி?

இங்கே நல்ல மழை. தொழிற்சாலைக் கூரை ஒழுகி, இரண்டு நாள் வேலை நின்றது. போன வாரம் விரிசல் விழுந்த பாட்டில்கள் மூன்று என் கண்ணைத் தாண்டிப் போய்விட்டன. "பருந்துக்கு என்ன ஆச்சு?" என்று மேற்பார்வையாளர் கேட்டார்.

நடந்ததை யாராலும் மாற்ற முடியாது அக்கா. அதையே நினைத்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. அத்தானுக்கு ஒரு ஸ்வெட்டர் அனுப்பியிருக்கிறேன், அளவு சரியாக இருக்கிறதா என்று எழுது.

உன் சின்னவன்

*

செப்டம்பர் 12

அன்புள்ள சின்னவனுக்கு,

இருமல் நின்றதா? ஸ்வெட்டர் வந்தது. தோள் சரியாக இருக்கிறது, உடம்புதான் தொளதொளவென்று தொங்குகிறது. அவர் இளைத்துவிட்டார்.

தையல்காரம்மா மருத்துவமனையிலிருந்து வந்துவிட்டாள். மிதித்துத் தைக்க முடியாது, கையால் சக்கரம் சுற்றும் மிஷின் ஒன்று இரவல் வாங்கியிருக்கிறாள். இவர் தினமும் அவள் வீட்டுக்குத் தண்ணீர் தூக்கிக்கொடுத்துவிட்டு வருகிறார். அவள் துணியைப் பார்க்கிறாள், இவர் குடத்தைப் பார்க்கிறார்.

அக்டோபர் 9 கோர்ட்டில் வழக்கு. தப்பு என் கால்தான் என்று ஒப்புக்கொள்ளப் போகிறாராம். ஒப்புக்கொள்ள வேண்டாம் என்று வக்கீல் சொன்னார், இவர் கேட்கவில்லை. "காலை எடுத்தேன்னு சொன்னா பொய் சொல்றேன்னு நினைப்பாங்க. எனக்கே சந்தேகமா இருக்கு" என்கிறார்.

விரிப்பைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை. புரிந்துகொண்டேன். ஆமாம் என்று எழுத உனக்குக் கை வந்திருக்காது. நல்ல பிள்ளை நீ, அக்கா மனம் நோகக் கூடாது என்று மழை, கூரை என்று எழுதியிருக்கிறாய். கோர்ட்டுக்குப் போகும் முன்னால் அவரிடம் நானே சொல்லிவிடப் போகிறேன். செய்தது நான், அவர் ஏன் தன் காலை அடித்துக்கொண்டு கிடக்க வேண்டும்?

உன்னை ஒருமுறை பார்க்க வேண்டும்போல இருக்கிறது.

அக்கா

*

செப்டம்பர் 30

அக்கா,

உன் கடிதம் வந்து ஆறு நாள் ஆகிறது. எழுதி எழுதிக் கிழித்தேன். இதைக் கிழிப்பதற்குள் தபாலில் போட்டுவிடுவேன்.

விரிப்பு காரணமில்லை. நீ காரணமில்லை. அத்தான் காலும் காரணமில்லை.

இத்தோடு இருக்கும் அச்சடித்த தாளைப் படி. கார்க் கம்பெனி அனுப்பியது. வண்டி என் பேரில் இருப்பதால் என் அறைக்கு வந்தது. நம் வண்டி செய்த வருடத்துக் கார்களில் ஆக்சிலேட்டர் பெடலுக்குள் இருக்கும் ஒரு பாகம் ஈரமான நாளில் இறுகிப்போகுமாம். காலை எடுத்தாலும் பெடல் மேலே வராமல் நிற்குமாம், காய்ந்ததும் சரியாகிவிடுமாம். உடனே சர்வீஸ் நிலையத்துக்குக் கொண்டுவாருங்கள், இலவசமாக மாற்றித் தருகிறோம், அதுவரை ஓட்டாதீர்கள் என்று இருக்கிறது. காலடி விரிப்புக்கும் இதற்கும் தொடர்பில்லை என்றும் தனியாக ஒரு வரி அச்சிட்டிருக்கிறார்கள். உன் ஜூலைக் கடிதம் வந்த அன்று அந்த வரியை நான் எடுத்துப் படித்தேன்.

தாளில் இருக்கும் தேதி மார்ச் 11.

எனக்கே ஒருமுறை அப்படி ஆகியிருக்கிறது. ஊரை விட்டு வருவதற்கு முந்தின மழையில், பெடல் உள்ளேயே நின்றுவிட்டது. காலால் நெம்பி விடுவித்தேன். விரிப்புதான் மாட்டிக்கொண்டது என்று நினைத்து அதைத் தூக்கிப் போட்டேன். அதை உங்களிடம் சொல்லவில்லை. நான் ஆசையாகக் கொடுத்துவிட்டு வந்த வண்டி. ஓட்டை வண்டியைத் தலையில் கட்டிவிட்டான் என்று அத்தான் நினைத்துவிடக் கூடாதே என்றிருந்தது. மார்ச்சில் தாள் வந்தபோதும் அதே நினைப்புதான். பத்தாயிரத்தில் ஒன்றுக்கு வரலாம் என்று போட்டிருந்தார்கள். பத்தாயிரத்தில் ஒன்றைத் தேடி எடுப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். ஜூலையில் வந்து யாருக்கும் தெரியாமல் மாற்றிவிடலாம் என்று இருந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு பயம். வண்டிக்குச் சொந்தக்காரன் நான், தெரிந்தும் சொல்லாதவன். பிடித்துப் போடுவார்களோ, வேலை போகுமோ என்று பயந்தேன். லீவை யாரும் ரத்து செய்யவில்லை. நான்தான் எழுதிக் கொடுத்து நிறுத்திக்கொண்டேன்.

அத்தானிடம் இதைக் காட்டு. கோர்ட்டில் கொடுக்கச் சொல். என்னை என்ன வேண்டுமானாலும் செய்யட்டும்.

சின்னவன்

*

அக்டோபர் 21

உன் கடிதம் 11ஆம் தேதி வந்தது. வழக்கு 9ஆம் தேதி முடிந்துவிட்டது.

8ஆம் தேதி சாயங்காலம் நான் அவரிடம் விரிப்பை எடுத்துக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மறுபடி மடித்து என் கையில் கொடுத்து, "இதை யார்கிட்டயும் சொல்லாதே" என்றார். மறுநாள் போய், பிரேக்கென்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதித்தேன் என்று ஒப்புக்கொண்டார். தன் கால் மேல் இருந்த சந்தேகம் அதற்குள் அவருக்குத் தீர்ந்துவிட்டது. எனக்காகச் சொன்னார். லைசென்ஸை ஆயுளுக்கும் ரத்து செய்துவிட்டார்கள். ஒரு வருடம் வாரம் தவறாமல் போலீஸ் நிலையத்தில் கையெழுத்துப் போட வேண்டும். திரும்பி வந்து எனக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்தார். இரண்டு நாள் என்னைக் கண்ணில் வைத்துப் பார்த்துக்கொண்டார். அந்த அன்பை என்னால் தாங்க முடியவில்லை.

பிறகு உன் கடிதம் வந்தது. அவரே படித்தார். கம்பெனித் தாளின் தேதியை விரல் வைத்துப் பார்த்தார். பின்கட்டுக்குப் போய் இரண்டு செங்கலையும் எடுத்துச் சுவரோரமாக வைத்தார். அங்கேயே உட்கார்ந்து அழுதார். எனக்குச் சத்தம் கேட்காது, தோள் குலுங்கியதைப் பார்த்தேன். விபத்து நடந்து முதல் தடவையாக அழுகிறார்.

அன்றே தாளை எடுத்துக்கொண்டு தையல்காரம்மாவிடம் போனோம். அவர் படித்துக் காட்டினார். அவள் சக்கரம் சுற்றுவதை நிறுத்திக் கேட்டாள். "அப்ப உங்க கால் நல்லாத்தான் இருந்திருக்கு, அண்ணே" என்றாள். பிறகு மறுபடி சுற்ற ஆரம்பித்தாள். விரிப்புக்கு ஓரம் அடித்தது தன்னுடைய கைதான் என்பது அவளுக்கு எப்போதும் தெரியும். இத்தனை நாள் அவள் என்ன நினைத்துக்கொண்டிருந்தாளோ, நான் கேட்கவில்லை.

இந்தத் தாளை வைத்து வழக்கை மறுபடி எடுக்கலாம் என்று வக்கீல் சொல்கிறார். உன்னைச் சாட்சிக்குக் கூப்பிடுவார்கள்.

உன் அத்தான் எழுதச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "சின்னப் பையன், பயந்துட்டான். எனக்கு அவன் மேல கோபம் இல்லை. புறப்பட்டு வரச் சொல்லு." இதோடு அவர் சொன்னது முடிந்தது.

இனி நான். உன் கடிதங்கள் எல்லாம் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன, தேதிவாரியாக எடுத்து வைத்துப் படித்தேன். மார்ச்சில் நீ சொல்லாததை ஒருவேளை மறந்துவிடுவேன். வெட்கம், அசட்டுத்தனம், வயது. ஜூனில் பயந்ததையும் மறந்துவிடுவேன். ஜூலையில் நான் உன்னிடம் ஒன்று கேட்டேன். ராத்திரி பகல் இதே நினைப்பு, உண்மையைச் சொல் என்று கேட்டேன். பதில் உன் கைக்கு எட்டும் தூரத்தில் அச்சடித்துக் கிடந்தது. இல்லை அக்கா, விரிப்பு இல்லை என்று நாலு வார்த்தை எழுதியிருக்கலாம். நீ மழையைப் பற்றி எழுதினாய். உன்னை நல்ல பிள்ளை என்று நான் வேறு எழுதினேன்.

கோர்ட்டுக்கு வா. அவருக்காக வந்து நின்று சொல்லிவிட்டுப் போ. வீட்டுக்கு வராதே. எப்போது வரலாம் என்று எனக்கே தெரியவில்லை.

இதோடு ஒரு பார்சல் வரும். அதில் நீல விரிப்பும் ஒரு புட்டித் தைலமும் இருக்கும். விரிப்பு நான் வைத்தது. தைலம் உன் அத்தான் வைத்தது.

அக்கா